டொல்பின் வானுக்குள்ள கட்டில் போட்டாச்சு, ஜெனரேற்றர் எது வாங்கிறது?

வடமராட்சி வான்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கரவெட்டியில இருந்து எழுதிறன். வாடகைக்கு ஓடின, டொல்பின் எண்டு சொல்லுற ரொயோட்டா ஹையேஸ் வான் ஒண்டு வேலையில்லாமல் வளவுக்குள்ள நிண்டது. பின் சீற்றுகளைக் கழட்டிப்போட்டு, ரெண்டு பேர் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய மாதிரி ஒரு கட்டில், அதுக்குக் கீழ சாமான் பெட்டி, கதவுப் பக்கம் மடிக்கிற மேசை எல்லாம் நெல்லியடியில ஒரு தச்சு வேலைக்காரரைப் பிடிச்சு அடிச்சாச்சு. வெளிநாட்டில ஆர்வீ எண்டு சொல்லுற, படுத்துச் சமைக்கிற வீடு மாதிரி வண்டியின்ர ஏழைத் தம்பி எண்டு வையுங்கோவன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு கனடாவில இருந்து அக்கா குடும்பம் வருது. தீர்த்தம் முடிய மன்னார், அனுராதபுரம், நுவரெலியா, பேந்து அறுகம்பே எண்டு ஒரு சுத்து. அக்காவும் அத்தானும் வானுக்குள்ள படுப்பினம். நானும் மருமகனும் பக்கத்தில கூடாரம் அடிப்பம்.

பிரச்சினை கரண்ட். அத்தான் ஏசி இல்லாமல் கண் மூடமாட்டார். அதால 9000 பிரியூ (குளிராக்கிற சக்தியின்ர அளவு) இன்வேட்டர் ஏசி ஒண்டு பூட்டியிருக்கிறன். அதோட 12 வோல்ற் பிறிஜ் 45 லீற்றர், ரெண்டு சின்ன ஃபான், எல்ஈடி லைற், 700 வாற்ஸ் ரைஸ் குக்கர், 2000 வாற்ஸ் கேத்தில், போன், லப்ரொப். மருமகன் ஒன்லைனில ஏதோ வேலை செய்யிறான், அவன்ர லப்ரொப் நிண்டால் வீடு ரெண்டாகும்.

யாழ்ப்பாணம் ரவுணில மூண்டு கடை ஏறி இறங்கினன். ஒருத்தர் 3.5 கேவிஏ (மிசின் குடுக்கிற சக்தியின்ர அளவு) சாதாரண மிசின் போதும் எண்டுறார். அடுத்தவர் 2 கேவிஏ இன்வேட்டர் ஜெனரேற்றர்தான் சரி எண்டு அதின்ர மூண்டு மடங்கு விலை சொல்லுறார். மூண்டாமவர் 950 எண்டு எழுதின குட்டி மிசினைத் தூக்கி மேசையில வைச்சு "இது காணும் தம்பி" எண்டுறார். ஆரை நம்பிறது? இதுக்கிடையில ரொறொன்ரோவில இருக்கிற பெரியத்தான் தன்ர ஹொண்டா ஜெனரேற்றரை அனுப்பிறன் எண்டு நிக்கிறார். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


கச்சேரியடி எழுதியது:

5 கேவிஏ ஒண்டை வாங்கிப் போடுங்கோ, கதை முடிஞ்சுது. நாளைக்கு வீட்டில கரண்ட் போனாலும் உதவும். சின்னதை வாங்கி அழுகிறதிலும் பெரிசை வாங்கிப் பேசாமல் இருக்கலாம்.


சுன்னாகம் மிசின்காரன் எழுதியது:

கச்சேரியடித் தம்பி, 5 கேவிஏ மிசின் 80 கிலோவுக்குக் கிட்ட வரும். அதை வானுக்குள்ள இருந்து ஆர் இறக்கி ஏத்திறது? நீர் வருவீரோ?

வான்காரத் தம்பி, நீர் எல்லாம் எழுதினீர், முக்கியமானதை எழுதேல்லை. அவையள் நித்திரை கொள்ளேக்க மிசின் ஓடவேணுமோ, ஓடத் தேவையில்லையோ? இதுக்கு மறுமொழி சொல்லாமல் கேவிஏ கதைச்சுப் பிரயோசனமில்லை. நான் தண்ணி இறைக்கிற மிசினிலயும் கோயில் திருவிழா லைற் எஞ்சினிலயும் கை கறுத்த ஆள். ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருக்கப் பக்கத்தில நிம்மதியாப் படுத்தெழும்பின ஒரு மனுசனை நான் இன்னும் காணேல்லை. படுக்கவும் கூடாது, அதைப் பேந்து சொல்லுறன்.

முதல் ஏசியை ஒரு பக்கம் ஒதுக்கி வைச்சுப் பாப்பம். ரெண்டு ஃபான் இரவு முழுக்கச் சுத்தினால் 300 வாற்-அவர் (வாற்ஸை மணித்தியாலத்தால பெருக்கினது) சொச்சம். 12 வோல்ற் பிறிஜ் ஒரு நாளைக்கு 500 அளவில. லைற், போன், லப்ரொப் எல்லாம் சேர்த்து இன்னும் 300. மொத்தம் 1100, 1200. ஒரு 12 வோல்ற் 100 அம்பியர்-அவர் லிதியம் பற்றரிக்குள்ள 1280 வாற்-அவர் இருக்கு. அந்த பற்றரியை என்ன கொண்டு சார்ச் பண்ணிறது? நீர் ஒவ்வொரு நாளும் வான் ஓடப்போறீர்தானே. வானின்ர ஓல்ரநேற்றரில (எஞ்சின் ஓடேக்க கரண்ட் தாற டைனமோ) இருந்து 30 அம்பியர் டிசி சார்ச்சர் ஒண்டு பூட்டினால் மணிக்கு 350 வாற்-அவருக்குக் குறையாமல் ஏறும். கரவெட்டியில இருந்து மன்னாருக்கு ஓடுற ஓட்டத்திலயே பற்றரி அநேகமா நிரம்பிப்போம். ஓல்ரநேற்றரில இருந்து நேர வயரை இழுத்து லிதியத்துக்குக் குடுக்காதையும், ஓல்ரநேற்றர் சூடேறிப் பொசுங்கும். நடுவில சார்ச்சர் கட்டாயம் வேணும்.

ஆக, ஏசி இல்லையெண்டால் உமக்கு ஜெனரேற்றரே தேவையில்லை. ஃபானுக்கும் பிறிஜுக்கும் எண்டு மிசின் வாங்கிற காசுக்கு பற்றரி வாங்கும்.

இனி ஏசி. 9000 பிரியூ இன்வேட்டர் ஏசி தொடக்கத்தில 800, 900 வாற்ஸ் இழுக்கும். உள்ளுக்குக் குளிர்ந்தாப்பிறகு 300, 400 எண்டு இறங்கும். இன்வேட்டர் ஏசி எண்டபடியால் கொம்பிரசர் மெல்ல மெல்ல எழும்பும், திடீர் இழுவை இல்லை. பழைய மொடல் ஏசியெண்டால் தொடங்கிற அந்த ஒரு நொடிக்கு மூண்டு மடங்கு கேக்கும், 2 கேவிஏ மிசின் மூச்சடைச்சு நிண்டுபோம். நீர் இன்வேட்டர் வாங்கினது நல்லதாப் போச்சு.

அப்ப 1.6 அல்லது 1.8 கேவிஏ, அதாவது 1600 அல்லது 1800 வாற்ஸ், தொடர்ச்சியாக் குடுக்கக்கூடிய இன்வேட்டர் ஜெனரேற்றர் ஒண்டு உமக்குக் காணும். ஹொண்டா இயு22ஐ 1800 வாற்ஸ் தொடர்ச்சி, 2200 உச்சம், பாரம் 21 கிலோ, ராங்கியில 3.6 லீற்றர். யமஹா 2000 மொடல் 1600 தொடர்ச்சி. ஒற்றைக் கையால தூக்கலாம். வேற பேருகளிலயும் வருகுது, ஆனால் பெட்டியில பெரிசா அடிச்சிருக்கிற இலக்கம் எப்பவும் உச்சந்தான். ரேற்றட், அதாவது தொடர்ச்சி, எண்டு சின்ன எழுத்தில இருக்கிறதை வாசிச்சுப் பாரும்.

அதோட இந்த மிசின்களில கேத்திலைப் போடாதையும். ஏசி ஓடேக்க 2000 வாற்ஸ் கேத்திலையும் தட்டினால் மிசின் சிவப்பு லைற்றைப் போட்டுட்டு கரண்டை நிப்பாட்டும். தேத்தண்ணிக்கு 2.3 கிலோ சின்ன காஸ் சிலிண்டரும் ஒரு அடுப்பும் கொண்டு போம். சோத்தையும் அதிலயே வடிச்சால் இன்னும் திறம், ரைஸ் குக்கர் சோறு அக்காவுக்கு கனடாவிலயும் கிடைக்கும்.

அந்த 950 கதையை மறவும். அது 63 சிசி ரூ ஸ்ரோக், தொடர்ச்சியா 650 வாற்ஸ். பெற்றோலில 50க்கு 1 எண்டு எண்ணெய் கலந்து ஊத்தவேணும், புகையும். 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் ஆளுக்கொண்டு வாங்கினதுகள், இப்ப பாதி என்ர பட்டறைச் சுவரோட சாய்ஞ்சு நிக்குது. லைற்றுக்கும் ரீவீக்கும் பிழையில்லை, ஏசிக்கு ஆகாது.

3.5 கேவிஏ சாதாரண மிசினைப் பற்றி. சக்தி இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அது கரண்டுக்கு 50 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 50 அலை) வரவேணும் எண்டதுக்காக எப்பவும் நிமிசத்துக்கு 3000 சுத்திலதான் நிக்கும். ஒரு போன் சார்ச் பண்ணினாலும் 3000, ஏசி போட்டாலும் 3000. லோட் குறைஞ்சாலும் பெற்றோல் பெரிசாக் குறையாது, சத்தமும் அப்பிடித்தான். இன்வேட்டர் மிசின் கரண்டை முதல் பற்றரிக் கரண்ட் மாதிரி டிசி ஆக்கிப் பிறகு வீட்டுக் கரண்ட் மாதிரித் திருப்பித் தாறதால லோட் குறைய எஞ்சினும் மெல்ல ஓடும். கரண்டும் சுத்தம், மருமகன்ர லப்ரொப்புக்கு ஒண்டும் நடக்காது. அதோட மலிவுச் சாதாரண மிசினில செப்புக் கம்பி எண்டு சொல்லி அலுமினியத்தைச் சுத்தி விக்கிறாங்கள். பாரத்தைத் தூக்கிப் பாத்தால் எனக்குத் தெரியும், உமக்குத் தெரியாது.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். மேல போகப் போகக் காத்து மெலியும், 300 மீற்றருக்கு மூண்டரை வீதம் எண்டு சக்தி குறையும். அங்க 1800 வாற்ஸ் மிசின் 1400 மட்டில நிக்கும். ஏசி போட அங்க என்ன விசரே, கம்பளி கொண்டு போம். ஆனால் ரைஸ் குக்கரும் கேத்திலும் எண்டு வெளிக்கிட்டால் அங்கதான் தெரியும்.

ஆரும் "பெற்றோலுக்க கொஞ்சம் மண்ணெண்ணெய் கலவுங்கோ, மிச்சம்" எண்டு சொல்ல வருவினம். 90களில பொருளாதாரத் தடைக்காலம் மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டின ஊர் இது. சின்னப் போத்தலில பெற்றோலை வைச்சுக்கொண்டு காபரேற்றருக்க நாலு துளி விட்டு, ஸ்ராட் ஆனவுடன மண்ணெண்ணெய்க்கு மாத்துவம். கவிட்டு வைச்ச சைக்கிளை மிதிச்சு டைனமோவில றேடியோச் செய்தி கேப்பம். அது வழியில்லாத காலம், அந்த எஞ்சின்களும் முரட்டு எஞ்சின்கள். இந்த மிசினுக்கு 92 பெற்றோல் மட்டும் விடும்.


ஸ்காபரோ சின்னவன் எழுதியது:

பெரியத்தானின்ர ஹொண்டாவைத் தயவுசெய்து வேண்டாமெண்டு சொல்லுங்கோ. கனடா மொடல் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். அங்க 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வைச்சு வோல்றேஜை ஏத்தலாம், ஹேர்ட்ஸை மாத்தேலாது. உங்கட ஏசிக்கு அந்த வில்லங்கம் தேவையில்லை. அதோட ஒருக்கா பெற்றோல் விட்டு ஓட்டின மிசினை விமானத்தில ஏத்த விடாங்கள், ராங்கியை வழிச்சுத் துடைச்சாலும் சரிவராது. லண்டனில ஆரும் இருந்தால் பரவாயில்லை, அங்கத்தைய மொடல் 230, 50தான். அதுவும் கப்பலில வரவேணும்.

இங்க நாங்கள் கோடையில இழுவை வண்டி ஒண்டில போறனாங்கள். இங்கத்தைய கணக்கு வேற. சின்ன ஆர்வீக்கு 30 அம்பியர், 120 வோல்ற் லைன், அதாவது 3600 வாற்ஸ். கூரையில இருக்கிற 13,500 பிரியூ ஏசி ஓடேக்க 1300 தொடக்கம் 1500 வாற்ஸ், தொடங்கேக்க அதின்ர ரெண்டு மடங்குக்கு மேல. அதாலதான் இங்க சனம் 2200 மிசின் ரெண்டை வாங்கிப் பரலெல் கேபிள் போட்டு ஒண்டாக்கிறது, இல்லாட்டி ஏசிக்கு, தொடக்க இழுவையைக் குறைக்கிற சொஃப்ற் ஸ்ராட்டர் பூட்டி ஒரு மிசினில ஓட்டிறது. இங்கத்தை யூரியூப் வீடியோவைப் பாத்துட்டு 3500, 4000 வாற்ஸ் வேணுமெண்டு நினைச்சுப்போடாதேங்கோ. உங்கட ஏசி அரைவாசிதான் கேக்கும். மிசின்காரர் சொன்னது சரி.

சத்தத்தைப் பற்றி ஒரு விசயம். அமெரிக்க தேசியப் பூங்காக்களில 50 அடி தள்ளி நிண்டு அளந்தால் 60 டெசிபலுக்கு மேல போகக்கூடாது எண்டு சட்டமே இருக்கு. பெட்டியில 48 டெசிபல் எண்டு போட்டிருந்தால் அது கால்வாசி லோட்டில அளந்தது. லோட் ஏறச் சத்தமும் ஏறும், முழு லோட்டில 55க்கு மேல வரும், ஏமாறாதேங்கோ.


வடமராட்சி வான்காரன் எழுதியது:

மிசின்காரர் ஐயா, சின்னவன் அண்ணை, ரெண்டு பேருக்கும் நன்றி. பெரியத்தானிட்டச் சொல்லியாச்சு, கொஞ்சம் மனம் நொந்திட்டார். அக்காவோட கதைச்சன். மன்னாரிலயும் அறுகம்பேயிலயும் மட்டுந்தான் ஏசி, மற்ற இடமெல்லாம் ஃபான் எண்டு அத்தானைச் சம்மதிக்க வைக்கிறாவாம்.

இனி ரெண்டு கேள்வி. மிசினை ஓட்டேக்க எங்க வைக்கிறது? வானுக்குக் கீழ தள்ளிவிட்டால் மழையும் படாது, களவும் போகாது எண்டு யோசிச்சன். மற்றது, வானுக்குள்ள, கரண்ட் கசிஞ்சால் தானா வெட்டிற ட்ரிப் சுவிச் ஒண்டு போட்டிருக்கிறன். அது ஜெனரேற்றருக்கும் வேலை செய்யுமோ?


சுன்னாகம் மிசின்காரன் எழுதியது:

வானுக்குக் கீழயோ! தம்பி, அந்த எண்ணத்தை இண்டைக்கே விடும். சைலன்சரால வாற புகையில காபனோரொட்சைட்டு எண்ட நஞ்சு வாயு இருக்கு. மணமில்லை, நிறமில்லை. தலை இடிக்குது, பிரட்டுது எண்டு படுத்தால் பேந்து எழும்பாயினம். வானின்ர தரையில கியர் லீவர் ஓட்டை, வயர் போற ஓட்டை எண்டு எத்தினை இருக்கு. கீழ வைச்சால் புகை அதுக்குள்ளாலதான் ஏறும். வான் கதவைத் திறந்து வைச்சு வாசலில ஓட்டுறதும் அதே கதைதான்.

வானுக்கு 20 அடியாவது தள்ளி வையும். காத்து வானில இருந்து மிசின் பக்கம் அடிக்கவேணும், புகைக்குழல் வெளிப்பக்கம் பாக்கவேணும். நீரும் மருமகனும் கூடாரத்தில எண்டு எழுதினீர். சனம் வானைத்தான் பாக்கும், கூடாரத்தை மறந்துபோம். துணிக் கூடாரத்துக்குள்ள புகை நுழைய ஒரு கதவும் தேவையில்லை. கடற்கரையில பின்னேரம் கடற்காத்து, இரவு கரைக்காத்து, திசை மாறும். ஆறு மணிக்குச் சரியா வைச்ச மிசின் பத்து மணிக்கு உங்கட கூடாரத்துக்கு ஊதும். அதாலதான் முதலிலயே கேட்டனான், நித்திரை கொள்ளேக்க ஓடுமோ எண்டு. என்ர சொல்லைக் கேட்டால் இப்பிடிச் செய்யும்: பின்னேரம் ஆறுக்குப் போட்டு, ஏசியால வானைக் குளிர வைச்சு, அதோட பற்றரியையும் நிரப்பி, ஒன்பது ஒன்பதரைக்கு நிப்பாட்டும். பேந்து ஃபான். ஏசி நிண்டால் தகரக்கூடு கெதியாச் சூடேறும் எண்டபடியால் கூரைக்கும் பக்கத்துக்கும் உள்ளால ஃபோம் ஒட்டும். பக்கக் கண்ணாடிக்கு வெள்ளி மட்டை வெட்டி வையும். இந்த வேலைக்குப் போற காசு மிசினை ஒரு நம்பர் பெரிசா வாங்கிறதிலும் பிரயோசனம்.

எண்டாலும் காபனோரொட்சைட்டு அலாம் ஒண்டு வானுக்குள்ள, ஒண்டு கூடாரத்துக்குள்ள கட்டாயம். பற்றரியில ஓடுற சின்ன டப்பி. இது இல்லாமல் மிசின் வாங்காதையும்.

மழைக்கு மேல ஒரு தகரத்தையோ படங்கையோ உயரத்தில கட்டலாம், சுத்திவர மூடக்கூடாது. களவுக்குச் சங்கிலி போட்டு மரத்தோட கட்டும். சமதரையில வையும். இந்த மிசின்களில எண்ணெய் குறைஞ்சால் தானா நிக்கிற சென்சர் இருக்கு, சரிவில வைச்சால் எண்ணெய் இருக்கத்தக்கனயும் நிண்டுபோம். நிறையப் பேர் அதைப் பழுதெண்டு தூக்கிக்கொண்டு என்னட்ட வருவினம். நான் மேசையில நேரா வைச்சு கயிறை ஒருக்கா இழுப்பன். அவ்வளவுதான், காசு வாங்கிறேல்லை. அந்த 20 அடிக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் மூண்டு கோர் வயர் எடும், வீட்டு எக்ஸ்டென்சன் மெல்லிசு. சுருளாக் கிடக்க விடாமல் முழுக்க விரிச்சுப்போடும்.

ட்ரிப் சுவிச் நல்ல கேள்வி. இன்வேட்டர் ஜெனரேற்றரில நியூற்றல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) எர்த்தோட சேர்ந்திருக்காது, மிதந்து கொண்டிருக்கும். அதால ஒரு வயர் தோல் போய் வானின்ர தகர உடம்பில பட்டாலும் உம்மட ட்ரிப் சுவிச் தட்டாமல் இருக்கும். அதுக்கு நியூற்றலையும் எர்த்தையும் ஒரே ஒரு இடத்தில, ஜெனரேற்றர்ப் பக்கம் மட்டும் இணைக்கவேணும். வீட்டுக் கரண்டில வானைக் குத்தேக்க அந்த இணைப்பு இருக்கப்படாது. இதை நீர் செய்யாதையும், லைசென்ஸ் உள்ள வயர்மன் ஒருத்தரைக் கூப்பிடும். செய்தாப்பிறகு ட்ரிப் சுவிச்சில இருக்கிற ரெஸ்ட் பட்டனோட நிக்காமல் ரெஸ்டர் கொண்டு சோதிக்கச் சொல்லும்.

பெற்றோல் விடேக்க மிசினை நிப்பாட்டி ஆறவிட்டு விடும். பயணம் முடிஞ்சு வந்தவுடன பெற்றோல் கோக்கைப் பூட்டிட்டு, காபரேற்றர் வறள மட்டும் ஓடவிடும். இல்லாட்டி அடுத்த திருவிழாவுக்கு எடுக்கேக்க உள்ளுக்குப் பிசின் பிடிச்சிருக்கும். முதல் எண்ணெய் 20 மணித்தியாலத்தில மாத்தவேணும், பேந்து 100க்கு ஒருக்கா. அறுகம்பே உப்புக்காத்து பட்டால் ஈரத்துணியால துடைச்சுக் காயவிடும்.


அச்சுவேலி ரீச்சர் எழுதியது:

ஒரு பயணத்துக்கெண்டு இவ்வளவு காசு போடவேணுமோ? கலியாண வீட்டுக்கு லைற் எஞ்சின் வாடகைக்கு விடுற ஆக்கள் இருக்கினமே, அவையளிட்டக் கேட்டால் என்ன?


சுன்னாகம் மிசின்காரன் எழுதியது:

ரீச்சர், அதுகள் பந்தல் லைற்றுக்கும் ஒலிபெருக்கிக்கும் எண்டு லொறியில ஏத்திற டீசல் மிசின். இந்தச் சைஸ் இன்வேட்டர் மிசினை வாடகைக்கு விடுற ஆக்கள் இருந்தால் நல்லதுதான். நான் இஞ்ச காணேல்லை. கண்டால் தம்பிக்குச் சொல்லுங்கோ, நான் மறிக்கமாட்டன்.


வடமராட்சி வான்காரன் எழுதியது:

சனிக்கிழமை ரவுணுக்குப் போறன் ஐயா. பற்றரி, சார்ச்சர், 1.8 கேவிஏ இன்வேட்டர் மிசின், அலாம் ரெண்டு. கடையில மிசினை ஸ்ராட் பண்ணிக் காட்டுவினம், ஆனால் லோட் இல்லாமல் எல்லா மிசினும் நல்லாத்தானே ஓடும். ரைஸ் குக்கரைக் கொண்டு போய்க் குத்திப் பாக்கட்டோ?


சுன்னாகம் மிசின்காரன் எழுதியது:

ரைஸ் குக்கர் வெறும் சூடு, அதை இந்தச் சைஸ் எந்த மிசினும் தாங்கும். வானையே கொண்டு போய்க் கடை வாசலில நிப்பாட்டும். லோட் குறைய எஞ்சினை மெல்ல ஓட்டுற எக்கோ சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு ஏசியைப் போடும், அரை மணித்தியாலம் ஓடவிடும். அதுக்குள்ள ரைஸ் குக்கரையும் சேர்த்துக் குத்தும். வோல்ற் மீற்றரில 230க்குக் கிட்ட நிக்குதோ எண்டு பாரும், 210க்குக் கீழ விழுந்தால் வேண்டாம். கடைக்காரர் முகம் சுழிச்சால் அடுத்த கடைக்குப் போம். மத்தியானத்தில போம், வெயில் ஏறினாப்பிறகுதான் ஏசி முழுசா இழுக்கும்.